லாரி முனி

குழந்தைகள் கையில் முரட்டுப் பொம்மை கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை, அய்யா. சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் என் கடையில் பொம்மைத் துப்பாக்கிகூட விற்றதில்லை.

2009இல் சென்னை மொத்த வியாபாரி ஒருவர், கம்பெனி தயாரிப்பதை நிறுத்திவிட்ட ரோபோ பொம்மைகளை என் தலையில் கட்டினார். கைகாலை மடக்கினால் லாரியாகிவிடும். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்ட காசு முடங்கிப்போனது. ஒவ்வொன்றுக்கும் முறுக்கு மீசை வரைந்து, நெற்றியில் விபூதி பூசி, லாரி முனி என்று பெயர் வைத்தேன். கடலூர் பக்கம் செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனிகளில் லோடு ஏற்ற இந்த வழியாகப் போகும் டிரைவர்கள் போட்டி போட்டு வாங்கி, ஸ்டியரிங் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

பிறகு, முனிக்குக் கோயில் எங்கே என்று கேட்டார்கள். கடலூர் ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, சாமியாடியாக என் மாமனார் வைத்திலிங்கத்தை உட்காரவைத்தேன். அவரும் லாரி ஓட்டியவர்தான். கண் மங்கியதும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், வீட்டில் சும்மா இருந்தார். மீசைகூட நான் வரைய வேண்டியிருக்கவில்லை. அவர்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம்.

ஆடி வெள்ளியன்று ஒரு டிரைவர், "பொம்மையே லாரியா மாறுது. சாமி மாற மாட்டாரா?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை மாறுவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும், பொம்மைப் பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து மாமாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். முதலில் கைகளை முதுகுப்பக்கம் திருப்ப வேண்டும். வந்தன, கொஞ்சம் சத்தத்தோடு.

"மாப்ள, முட்டி மடங்கலீங்க. வலி ஜாஸ்தியா இருக்குது, விட்டுடுங்க" என்றார்.

புதுப் பொம்மையும் முதல் தடவை இறுக்கமாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். கடைசியாகத் தலையைத் தோள்களுக்கு நடுவே அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு அவர் குறை எதுவும் சொல்லவில்லை. லாரி என்று சொல்ல முடியாது, அய்யா. ஒரு மினி வேன் அளவுக்கு வந்திருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அமராவதி, "எங்கப்பாவ என்ன பண்ணீங்க?" என்று அலறினாள். மடக்கினேன் என்று சொன்னேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன், எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. திரும்ப நிமிர்த்தும்போது தலையில்தான் தொடங்க வேண்டும். உங்கள் கான்ஸ்டபிள்கள் காலில் தொடங்கிவிட்டார்கள். இனி மாமா எழுந்திருக்காவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.