ஜீப்புக்கு அளந்த கால்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், பெங்களூரில் லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“நேத்து எங்க வீட்டுக்காரரு டேப் வெச்சு என் காலை அளந்தாருடி,” என்றாள்.

இளையவள் சிரித்தாள். “எதுக்குக்கா?”

“ஜீப்புக்கு. பழைய ஜீப் ஒண்ணை வாங்கி வாசல்ல நிறுத்தி, ரெண்டு வருஷமா அவரே ரிப்பேர் பண்றாரில்ல? வேற இன்ஜின் மாத்தினாரு. பழைய சாமான் விக்கிற குஜிரி கடைங்கள்ல தேடிப் பிடிச்சு பவர் ஸ்டீரிங்கும் போட்டுட்டாரு.”

“தெரியுமே. எப்பப் பாத்தாலும் அதுக்கு அடியிலதானே படுத்திருப்பாரு.”

“போன மாசம் கண் டாக்டரு, இனிமே வண்டியே ஓட்டக்கூடாதுன்னுட்டாரு. பக்கவாட்டுல வர்றது அவருக்குத் தெரியல. ஜீப்பை வித்துடுவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நாள் அதைத் தொடவே இல்ல. நேத்து திடீர்னு என்னைக் கூப்ட்டு அளவெடுத்தாரு. டிரைவர் சீட்டை முன்னால தள்ளி மாட்டினாரு. கிளட்ச் பெடல் மேல ஒரு கட்டை வெச்சு முடுக்கினாரு.”

“இனிமே நீ ஓட்டுன்னு சொன்னாரா?”

“அதெல்லாம் வாயைத் திறந்து சொல்லல. ஏறி உக்காரு, கால் எட்டுதா பாருன்னாரு.”

“முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று கன்னடத்தில் சொல்லி, கண்டக்டர் நின்றவர்களை முன்னால் நகர்த்திக்கொண்டு போனார்.

“எட்டுச்சாக்கா?”

“நல்லாவே எட்டுச்சு. எட்டலன்னு சொல்லிட்டேன்.”

“ஐயோ, ஏன்? ஓட்ட பயமா?”

“பயமெல்லாம் இல்ல, லைசென்ஸே வெச்சிருக்கேன். எட்டுதுன்னு சொன்னா அதோட ஜீப் வேலையே முடிஞ்சிடும். அப்புறம் மனுஷன் என்னடி பண்ணுவாரு?”