சீட்டு இல்லாமல் ஓடிய ஷெல்

ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. கம்ப்யூட்டர் கதை. பின்வரிசையில இருக்கிறவங்க பயப்பட வேண்டாம்... எனக்கே புரிஞ்ச கதைதான்.

போதகர் ஆகுறதுக்கு முன்னாடி நான் சென்னையில ஒரு கம்பெனியில டெஸ்டரா இருந்தேன். அடுத்தவங்க செஞ்ச வேலையில தப்புக் கண்டுபிடிக்கிறதுதான் டெஸ்டர் வேலை. அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இப்ப அந்த வேலைய நீங்க எனக்குச் செய்றீங்க... சம்பளம் இல்லாம.

அங்க ஜெபின்னு ஒரு தம்பி. மார்த்தாண்டம் பக்கம். சொந்தமா ஒரு ஷெல் எழுதினான். ஷெல்னா என்ன? கறுப்புத் திரையில நாம ஒரு கட்டளையத் தட்டுவோம்... அத வாங்கி, கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி, பதிலக் கொண்டுவந்து குடுக்கிற புரோகிராம். அவ்வளவுதான். அது பாஸானா ஜெபினுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரம்னாத்தான் பொண்ணு வீட்டுல கல்யாணத் தேதி குறிப்பாங்க. பாஸ்னு கையெழுத்துப் போட வேண்டியது யாரு? நான்.

ஷெல்கிட்ட கேட்டேன். "உன் வீடு எது?" அதாவது, ஃபைலெல்லாம் வைக்கிற உன் சொந்த இடம் எது? டக்குனு சொல்லிச்சு. "உன் பேரு என்ன?" சொல்லிச்சு. அறுபத்திநாலு கேள்வி... அறுபத்திநாலும் பாஸ். ஜெபின் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு போனைக் கையில எடுத்துட்டான்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பதிலெல்லாம் இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? பிரியமானவங்களே, ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமத் தொடங்கி விடும்போது, கையில கொஞ்சம் சீட்டு குடுத்து அனுப்பும். உன் வீடு இது, உன் பேரு இது, சாமான் இந்த இடத்துல இருக்கு... என்விரான்மென்ட் வேரியபிள்னு அதுக்குப் பேரு. அம்மா பையில எழுதி வச்சு அனுப்புற மாதிரி. ஜெபின் ஷெல் என்ன பண்ணுச்சு? அம்மா குடுத்த சீட்டப் பார்த்துப் படிச்சுது. நான் அதுக்கு மார்க் போட்டேன்.

"ஜெபின், சீட்டு எதுவும் குடுக்காம ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்."

"எதுவுமே இல்லாம யாருண்ணே ஓட்டப் போறாங்க?"

"நாமதான். இப்ப."

ஓட்டினேன். "உன் வீடு எது?"... செத்துப் போச்சு. தெரியலன்னுகூடச் சொல்லல. அப்படியே விழுந்துருச்சு.

ஜெபின் முகத்த நான் பார்க்கல. பார்க்கத் தைரியம் இல்ல. "அண்ணே... இந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க. ஞாயித்துக்கிழமை தேதி குறிக்க வர்றாங்க."

விட்டுரலாமா? நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா? எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஃபெயில்னு எழுதினேன். அதுக்கப்புறம் டீக்கடையில என்னப் பார்த்தா, டீயப் பாதியில வச்சுட்டு எழுந்து போயிடுவான்.

மூணு வாரம் கழிச்சு வந்தான். "ஓட்டிப் பாருங்க." அண்ணேங்கிறது போயிருச்சு. சீட்டு இல்லாம தொடங்கினேன். "உன் வீடு எது?"... ஒரு வெத்து வரி வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. ஆனா ஷெல் விழல. அடுத்து என்ன சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு நின்னுச்சு. அது போதும். கையெழுத்துப் போட்டேன். கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்துச்சு. ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து நாற்காலிதான் அவனுக்கு... தபால்ல அனுப்பினான்.

இத எதுக்குச் சொல்றேன்? நம்ம பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை காலையில வந்து முன்வரிசையில உக்காருறாங்க. பாட்டுத் தெரியும். வசனம் தெரியும். நாம மார்க் போடுறோம். எழுப்பி விட்டது யாரு? சட்டைய இஸ்திரி போட்டது யாரு? வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்தது யாரு? நான் புனேக்கு வேலைக்குப் போனப்ப எழுப்ப ஆள் இல்ல. நாலு மாசம் கோவில் வாசல மிதிக்கல. இங்க நிக்கிற இதே போதகர்தான். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

அடுத்த மாசம் பிள்ளைங்கள ஹாஸ்டலுக்கு அனுப்பப் போறீங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஞாயிறு எழுப்பாதீங்க. சட்டைய எடுத்து வைக்காதீங்க. நீங்க பாட்டுக்குக் கிளம்பி வந்துருங்க. பிள்ளை வரலன்னா... அழாதீங்க, அடிக்காதீங்க. விழுறதா இருந்தா நம்ம வீட்டுலயே விழட்டும். கை குடுத்துத் தூக்கிவிட இங்க நாம இருக்கோம்.