ஏழாவது வரி

– அதெல்லாம் இருக்கட்டும் சார். எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரி, அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்.

– உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். தண்ணி குடிக்கறீங்களா?

– மூணு தடவை கேட்டாச்சு, மூணு டம்ளர் குடிச்சாச்சு. 'வரலாற்றில் இன்று' எழுதறது நீங்கதானே?

– நான்தான். இருபத்தாறு வருஷமா. பதினொண்ணாம் பக்கம், ராசிபலனுக்குக் கீழே, எலி மருந்து விளம்பரத்துக்கு மேலே. நம்ம புகழ் அவ்வளவு உயரம்.

– அப்ப இதைப் பாருங்க. பேப்பர்ல உங்க பெட்டிச் செய்தியில ஏழாவது வரி. '1893: மருத்துவமனைச் சலவைத் தொழிலாளர்களுக்கு முதன்முறையாகச் சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்பு அளிக்கப்பட்டது.'

– லேமினேட் பண்ணி வெச்சிருக்கீங்களே!

– எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எந்நேரமும் ஆவி சார், வெறும் பேப்பர் தாங்குமா? பதினோரு வருஷம் முன்னாடி இதைப் பழைய பெரிய டாக்டர்கிட்ட நீட்டினேன். நல்ல மனுஷன். 'அந்தக் காலத்துலயே கொடுத்திருக்கான், நாம கொடுக்கலேன்னா அசிங்கம்'னு மறு வருஷத்துல இருந்து அதே தேதிக்கு லீவு போட்டார். நாப்பத்தொரு பேருக்கு வருஷத்துல சம்பளத்தோட லீவு அந்த ஒரு நாள்தான், பாத்துக்கோங்க.

– இந்த வரியைக் காட்டியா?

– வேற எதைக் காட்ட? இப்ப புதுசா ஒரு நிர்வாகி வந்திருக்கார். 'இது எங்க நடந்துச்சு, ஆதாரம் கொண்டா, இல்லேன்னா நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும்'ங்கறார். நீங்க வரலாறு படிச்சவர்...

– நான் படிச்சது தாவரவியல்மா. அதுலயும் ரெண்டு பேப்பர் இன்னும் பாக்கி.

– விளையாடாதீங்க சார்.

– விளையாடல. இதை எழுதின அன்னிக்கு என் வீட்டுக்காரி உங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தா. பித்தப்பையில கல்லு. நான் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எழுதறேன். பெட்டிக்கு ஏழு வரி வேணும். ஒரு போர், ரெண்டு ராஜா சாவு, ஒரு ரயில் பாதை, ஒரு பூகம்பம், ஒரு வால்நட்சத்திரம்னு ஆறு தேறிடுச்சு. ஏழாவதுக்கு அந்தத் தேதியில உலகத்துல ஒருத்தனும் ஒண்ணும் பண்ணித் தொலைக்கல. அச்சகத்துல இருந்து போன் மேல போன்.

– அதனால?

– ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். கொடியில போர்வை காயுது. ஒரு அம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்றாங்க. மனசு கேக்கல. லீவு கொடுத்துட்டேன்.

– கொடுத்துட்டீங்கன்னா?

– நானே கொடுத்ததுதான். எங்க அறை நம்பர் தொண்ணூத்து மூணு. முன்னாடி பதினெட்டைச் சேர்த்தேன், வரலாறு ஆயிடுச்சு.

– ஐயையோ! பொய்யா சார்?

– பச்சைப் புளுகு. அப்புறம் வருஷா வருஷம் பழைய பெட்டியை எடுத்து அப்படியே ஒட்டறதுதானே நம்ம ஆராய்ச்சி! மூணு பொது அறிவுப் புத்தகத்துல ஏறிடுச்சு. போன வருஷம் என் பொண்ணே இதைப் பரிட்சையில எழுதி மார்க் வாங்கினா. நான் வாயைத் திறக்கலையே.

– எங்க கூட்டத்துல ஒருத்தி பேரனை முதல் தடவையா பார்க்கப் போறா. நாளைக்கு ரயில். டிக்கெட் எடுத்து முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கா. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?

– திட்டுங்கம்மா. வாங்கிக்கறேன்.

– திட்டினா லீவு வந்துடுமா?

– சரி, லெட்டர்பேடு இருக்கு. ஒரு ஊரு, ஒரு ஆஸ்பத்திரி பேரு போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துடறேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். நமக்குக் கை வந்த கலை.

– வேண்டவே வேண்டாம். அந்த ஆளு கம்ப்யூட்டர்ல நோண்டறவரு. சாயம் வெளுத்தா உங்க வேலையும் போகும், எங்க லீவும் ஒரேயடியாப் போகும்.

– அப்ப நாளைக்கே 'தவறுக்கு வருந்துகிறேன்'னு போட்டுட்டு, வேலையை விட்டுடறேன். அவமானமாத்தான் இருக்கும்மா. ஆனா வயித்துல இருக்கற இந்தக் கல்லாவது கரையும்.

– உங்க கல்லு கரைஞ்சா எங்களுக்கு என்ன சார்? நாளைக்கு வர்ற பெட்டி அச்சுக்குப் போயிடுச்சா?

– இன்னும் இல்ல. அந்த வரியை எடுத்துடறேன், சத்தியமா.

– எடுத்துடுங்க.

– ஆறு வரியோட விட்டா ஆசிரியர் என்னைத் தொலைச்சுடுவாரே. அந்த இடத்துல எதைப் போடறது?

– எதையும் போடாதீங்க. அவசரப் பிரிவுக்கு வேண்டிய விரிப்பெல்லாம் இன்னிக்கே துவைச்சு மடிச்சு வெச்சுடுவோம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போட்டோ எடுக்கறவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. ரயிலுக்குப் போறவளைத் தவிர அத்தனை பேரும் லீவு கேட்டு வெளியில நிப்போம், உள்ள ஒரு மெஷின் ஓடாது. பார்த்துட்டு எழுதுங்க சார், இந்தத் தடவை வருஷத்தைச் சரியாப் போடுங்க.