தொடையில் எடுத்த தொண்டை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அதில் மூத்தவள் சொன்னது சட்டென்று காதில் விழுந்தது.

"எங்க வூட்டுக்காரரு தொண்டைல இருக்கறது தொடைக்கறி."

"இன்னாக்கா சொல்றீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கேன்சரு வந்து தொண்டைய எடுத்துட்டாங்க. தொடையில சதைய அறுத்து, பைப்பு மாதிரி சுருட்டி, அங்க வெச்சித் தெச்சாங்க. அதுலதான் இப்ப கஞ்சி எறங்குது."

"மூச்சு?"

"கழுத்துல ஒரு ஓட்டை. தண்ணி பூந்துட்டா உசுருக்கே ஆபத்து, கடலுக்குப் போவாதீங்கன்னுட்டாங்க. மரக்காணத்துல பொறந்து வளந்தவரு. அதக் கேட்டுட்டு ரெண்டு நாளு கஞ்சி கூட குடிக்கல."

"பேச்சு வருதா?"

"எட்டு மாசம் கை ஜாடைதான். போன மாசம் உள்ள ஒரு வால்வு வெச்சாங்க. ஓட்டைய வெரலால மூடிக்கினு எதனா பேசுங்கன்னாரு டாக்டரு. நான் அந்தாண்ட நின்னு மாத்திரைச் சீட்டப் பாத்துக்கினு இருந்தேன். யாரோ 'செல்வி'ன்னு கூப்ட்டாங்க. கரகரன்னு புதுக் குரலு. வேற ஆளுன்னு நெனச்சி வாசப்பக்கம் திரும்பிப் பாத்தேன்."

"அவருதானா?"

"அவருதான். கல்யாணம் ஆயி இருவது வருசமா 'இந்தாமே'ன்னுதான் கூப்புடுவாரு. பேரச் சொன்னதே இல்ல."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னொரு வாட்டி கூப்புடட்டும்னு அப்படியே நின்னுக்கினு இருந்தேன்."