இரண்டாம் கொட்டகைத் தீவனம்

கோழிக்குப் பல் கிடையாது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாக்கியத்துக்குள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நீங்களாவது எழுதிக்கொள்கிறீர்கள் சார், சந்தோஷம்.

குஞ்சுப் பருவத்திலேயே தீவனத்தில் கொஞ்சம் உமி சேர்த்தால் பல்லுக்குப் பதிலாக இரையை அரைக்கும் இரைப்பை நன்றாக உழைக்கும், தின்றது உடம்பில் ஒட்டும், எலும்பு உறுதிப்படும். முட்டையிடும் காலத்தில் கால் முறியாது. ஒன்பது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பண்ணை என் மாமாவுடையது, அக்காள் கணவர். தீவனத்தில் எதை எவ்வளவு கலப்பது என்று எழுதிக் கொடுப்பவன் நான். அக்காள் பிள்ளைகளுக்கே நான் ‘உமி மாமா’தான்.

“எனக்குக்கூட முட்டி வலிதான் மாப்ள. ஒரு தட்டு உமி போடச் சொல்லேன்,” என்பார் மாமா. சாப்பாட்டு மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

ஒருவழியாக இரண்டு கொட்டகைகளை ஒதுக்கினார். முதலாவதில் உமித் தீவனம், இரண்டாவதில் வழக்கமானது. பதினாறாம் வாரம் கொட்டகைக்குப் பத்துக் கோழி அறுத்து, காலெலும்பில் எடைக்கற்களைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே எடையில் முறிந்தன. மாமா கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். தோளில் தட்டிக் கொடுத்தார்.

“முட்டை போடற வரைக்கும் பாரு மாப்ள. அப்பவும் இப்படித்தான்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்.”

முட்டையிடத் தொடங்கும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் கலக்கும் கிளிஞ்சல் தூளிலிருந்துதான் கிடைக்கிறது. முதல் கொட்டகைக்கான கிளிஞ்சல் மூட்டைகளை நான் தொடவில்லை. இரண்டாம் கொட்டகை மூட்டைகளைப் பிரித்துக் கிளிஞ்சலைக் கொட்டிவிட்டு, வெள்ளைக் களிமண் பொடியை நிரப்பித் தைத்து வைத்தேன்.

கலவைக்காரர் தீவனம் கலக்கும் இயந்திரத்தோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவர். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“என்ன தம்பி, நறநறன்னு இல்லாம மாவு மாதிரி இருக்கு?”

“புது அரைப்புண்ணே.”

அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பண்ணையில் என் பேச்சை நம்பிய ஒரே ஆள் அவர்.

தீவனத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் கோழி முட்டையை உடனே நிறுத்திவிடாது. தன் எலும்பைக் கரைத்து ஓடு செய்யும். முட்டையிடத் தொடங்கிய ஏழாவது வாரம் இரண்டாம் கொட்டகையில் நாலாயிரம் கோழிகள் கால் நீட்டிப் படுத்துவிட்டன. தண்ணீர் ஓரடி தள்ளித்தான் இருந்தது. அக்காள் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள். பிடித்த இடத்திலேயே எலும்பு முறிந்தது. அவள் அழுதாள். நான் முறிந்தவற்றைக் குறித்துக்கொண்டேன்.

மூட்டையில் களிமண் இருப்பது தெரிந்ததும், கலவைக்காரர் கிளிஞ்சலைத் திருடி விற்றுவிட்டதாக முடிவு கட்டினார்கள்.

“தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்க,” என்றார் என்னிடம்.

என் வார்த்தையை அங்கே யார் நம்பினார்கள், சொல்லுங்கள். பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு நாளாக அவரை ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மூட்டையைப் பிரித்ததும் தைத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் ஆறவில்லை. சோதனையே செல்லாது என்கிறார் மாமா. அதனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்: முதல் கொட்டகையில் ஒரு கோழிக்குக்கூடக் கால் முறியவில்லை. உமி கொடுத்ததுதான் காரணம்.