சத்தம் போடாத ஈயம்

நல்ல ஈயம் விழும்போது சத்தம் போடாது. சீமெந்துத் தரையில் போட்டால் தொப்பென்று படுத்துவிடும். இரும்பும் துத்தநாகமும் கிணுங்கும். வில்லரே என்ற பகுதியில், கார் ரயர் கடையொன்றில் இருபது வருடங்களாக வேலை செய்கிறேன். முதல் பதினாறு வருடங்களும் இந்த வித்தியாசம் என் காதில் விழவே இல்லை.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்கிறேன். எனக்குப் பிரெஞ்சு போதுமான அளவு வரும், ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு சொல் கூடிக் குறைந்துவிடக்கூடாது. மொழிபெயர்க்கும் தங்கச்சி ஆறுதலாகச் சொல்லட்டும். எனக்கு அவசரமில்லை.

ஈயம் எங்கே எடுத்தேன் என்று முதலில் கேட்டீர்கள். சில்லு ஆடாமல் ஓடவேண்டும் என்று அதன் விளிம்பில் ஒரு சின்னக் கட்டி பொருத்துவோம். பழைய கார்களில் அது ஈயம். இப்போது வருபவற்றில் பாதிக்கு மேல் துத்தநாகமும் இரும்பும். குளிர்கால ரயர் போடும் நவம்பரிலும் அதைக் கழற்றும் ஏப்ரலிலும் பழைய கட்டிகள் வாளி வாளியாகச் சேரும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தரையில் போட்டுக் கேட்பேன். பிறகு நகத்தால் கீறுவேன். வெள்ளிக்கோடு விழுந்தால் வைத்துக்கொள்வேன். துத்தநாகம் ஒன்று தவறி விழுந்தாலும் உருக்கும் சட்டியில் உள்ளது முழுவதும் கஞ்சிபோல் கெட்டுவிடும். வீடு இடிக்கிற இடங்களில் கூரைத் தகடு கிடைத்தால் அதுவும் நல்லது. பற்றரிக்குள் இருக்கும் ஈயத்தை மட்டும் தொடமாட்டேன். அதன் புகை ஆளைக் கொல்லும் என்று வாசித்திருக்கிறேன். நான் கவனமான ஆள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

துவக்குக்குச் சன்னம், அதாவது துப்பாக்கிக் குண்டு, வார்க்கத்தான் இவ்வளவும். கடையில் என்னோடு வேலை செய்யும் றெஜான் என்பவன்தான் லவாலுக்கு அப்பால் உள்ள சுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். அனுமதிப்பத்திரம் எல்லாம் முறைப்படி எடுத்தேன். ஊரில் துவக்கை நான் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். பிறகு சன்னம் வார்க்கப் பழகினேன். கழகத்தில் ஒருவர் என் சன்னமொன்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மான் வேட்டைக்குத் தனக்கும் வேண்டும் என்றார். அருமைநாதன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் நேத்தான் ஆனது. 'நேத்தானின் சன்னம்' என்று கேட்டு வாங்கினார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடம். அதுவரை என் கைவேலையை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

எங்களுடையது இரண்டு தட்டு வீடு. கீழே நானும் மனைவி றோசாவும். மேல்தட்டில் தீபக், கோபிகா, அவர்களுடைய மகள் ஆதிரா. இரண்டு வருடத்துக்கு முன், எல்லோரும் வீடு மாறுகிற ஜூலை முதலாம் தேதி வாடகைக்கு வந்தார்கள். மதுரைப் பக்கத்து ஆட்கள். தீபக்குக்குக் கணினி நிறுவனமொன்றில் வேலை. நல்ல பிள்ளைகள். படியில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு றோசா கோயிலுக்குப் பாடல் பயிற்சிக்குப் போவாள். நான் பேஸ்மென்ற் நிலவறையில் ஈயம் உருக்குவேன். போன மே மாதம் அங்கேயிருக்கும் சின்னச் சன்னலில் பெரிய விசிறியொன்று பூட்டினேன். புகை உள்ளே நிற்காமல் வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவுக்குப் போய்விடும். உருக்கியபின் மேலே மிதக்கும் கசடை வழித்து வேலியோரம் கொட்டுவேன். ஜூன் மாதம், வளவில் சும்மா கிடந்த மணற்பெட்டியை ஆதிராவுக்குக் கொடுத்தேன். மரச்சட்டம் அடித்து, மணல் கொட்டி, நானே செய்தது. விசிறிச் சன்னலுக்குக் கீழே, நிழலான இடத்தில் இருந்தது.

"நிஜமாவா அங்கிள்? பாவம், நாள் பூரா படிக்கட்டுலயே உக்காந்திருப்பா" என்றாள் கோபிகா.

"விளையாடட்டும் பிள்ளை. ஆருக்காக அது?" என்றேன்.

ஆதிராவுக்கு அப்போது இரண்டரை வயது. மஞ்சள் அகப்பையொன்றால் மணலைத் தட்டித் தட்டி எனக்கு இட்லி செய்து தருவாள். செய்து முடித்ததும் விரல்களைச் சூப்புவாள். கோபிகா அதட்டுவாள். "பிள்ளையள் அப்பிடித்தான்" என்பேன் நான்.

ஓகஸ்ட்டில் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. சாப்பிட மறுத்தாள். 'பட்டாம்பூச்சி' என்றும் 'பப்பியோன்' என்றும் இரண்டு மொழியிலும் சொல்லித் திரிந்தவள், இரண்டையும் விட்டுவிட்டாள். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெறியில் ஆசிரியைதான் முதலில் கவனித்தது. இரத்தம் சோதித்தார்கள். ஈயம். சாதாரண அளவல்ல, ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுக்கவேண்டிய அளவு.

வீட்டில் ஈயம் எங்கிருந்தோ வருகிறது என்று தெரிந்துவிட்டால், அதன்பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளும் பழைய பொருளாக இருக்காது. தீபக் கோப்பைகளைக் கவிழ்த்துப் பார்த்தான். சன்னல் பெயின்ற்றைச் சுரண்டினான். குழாயை முறைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், இது பழைய வீடு. பைப்பா இருக்குமோ? தண்ணிய டெஸ்ட் பண்ணலாமா?" என்று கேட்டான்.

"ஓம் தம்பி, கட்டாயம் செய்யுங்கோ" என்றேன். சோதனை முடிவு வரும்வரை வாராவாரம் கடையில் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி மேலே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். குனிந்தால் வலிக்கும் என் நாரிப் பிடிப்போடு இருபது படி. எங்கள் வீட்டு ஈயக்குழாயை நகரசபை மூன்று வருடத்துக்கு முன்பே மாற்றிவிட்டது. கழற்றிய குழாயை நான்தான் கேட்டு எடுத்தேன். மிக மென்மையான ஈயம். ஆனால் தீபக் கேட்டது தண்ணீரைச் சோதிக்கலாமா என்று. குழாய் புதிதா என்று அவன் கேட்கவில்லை.

தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. அடுத்த கிழமை சுகாதாரத் திணைக்களத்திலிருந்து தாதியொருவர் வந்தார். தீபக் வேலையில். தாதியின் ஆங்கிலம் கோபிகாவுக்குப் பிடிபடவில்லை, கோபிகாவின் ஆங்கிலம் தாதிக்கு வேகம் கூட. என்னை மேலே கூப்பிட்டார்கள். தாதி பிரெஞ்சில் கேட்க நான் தமிழில் சொன்னேன். பெயின்ற், மண்பாத்திரம், மசாலாத்தூள், கண்மை, இப்படி ஒரு பட்டியல். கண்மை என்றதும் கோபிகா எழும்பிப் போய் ஒரு சின்னச் சிமிழ் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா அனுப்பியது. தானும் பூசி, குழந்தைக்கும் பூசுவாளாம்.

பட்டியலில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இந்தக் கட்டடத்தில் யாராவது, வேலையாகவோ பொழுதுபோக்காகவோ, தூண்டில் குண்டு, சன்னம் போன்றவை செய்ய ஈயம் உருக்குகிறார்களா?

கோபிகா தேத்தண்ணீர் தந்திருந்தாள். ஒரு மிடறு குடித்தேன். தாதியிடம், "இல்லை, மடாம்" என்றேன். கோபிகாவின் பக்கம் திரும்பி, "கண் மையைப் பற்றித்தான் திரும்பவும் கேக்கினம் பிள்ளை. எவ்வளவு நாளாய்ப் பூசினனீ? வடிவாய் யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

அவள் வடிவாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுடைய முகம் மாறியது.

மையைச் சோதித்ததில் கொஞ்சம் ஈயம் இருந்தது. கொஞ்சம்தான். அந்த அளவுக்கு இரத்தத்தில் ஈயம் அப்படி ஏறாது என்று திணைக்களத்தின் கடிதத்தில் எழுதியிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். தீபக் அந்த வரி வரை வாசித்திருக்கமாட்டான். சிமிழைக் குப்பையில் போட்டான். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தும் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இறங்கவில்லை. அப்படியென்றால் கோபிகா இன்னும் ஒளித்துப் பூசுகிறாள் என்று நினைத்தான். அவளுடைய கைப்பையைத் துழாவினான். அலுமாரியில் அவளுடைய சேலைகளை உதறிப் பார்த்தான். ஒரு நாள் படியில் என்னை மறித்தான்.

"அங்கிள், நான் ஆபீஸ் போனப்புறம் கொஞ்சம் கவனிச்சுக்கிறீங்களா? அவ மறுபடியும் குழந்தைக்கு மை வைக்கிறாளான்னு. உங்களத் தவிர யார்ட்ட கேக்க முடியும்?"

"ஓம் தம்பி. பாக்கிறன்" என்றேன்.

பார்த்தேன். அவள் சமையலறையில் கைகழுவும் சத்தம் கீழே எங்களுக்குக் கேட்கும். நிறுத்தாமல் கழுவுவாள். புறங்கைத் தோல் வெடித்திருந்தது. இரண்டு கிழமை கழித்துத் தீபக் திரும்பவும் கேட்டான். பிள்ளையின் கண்ணோரம் கறுத்திருந்த மாதிரி இருந்தது என்றேன். மாதிரி என்றுதான் சொன்னேன். இருந்தது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டிலிருந்தே வேலை செய்தான். குழந்தையைத் தானே குளிப்பாட்டினான். கோபிகா தூக்கப் போனால், "நீ விடு" என்பான். குழந்தைக்கு நல்ல காற்று வேண்டும் என்று மதிய நேரங்களில் பின்வளவுக்குக் கூட்டிவந்து மணற்பெட்டியில் விட்டான்.

சனிக்கிழமை வேலையை நான் நிறுத்தவில்லை. நவம்பரில் மான் வேட்டை தொடங்கும், கழகத்தில் பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். அதோடு, திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று றோசா கேட்டிருப்பாள்.

தாதி இரண்டாம் முறை வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்துக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி அன்றைக்குத்தான் கோபிகாவின் காதுக்குப் போனது. சனிக்கிழமைகளில் கீழே அங்கிள் ஏதோ உருக்குவார், ஒரு மாதிரி வாடை வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். தாதி கீழே இறங்கி வந்து விசிறியைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்று தொலைபேசியில் கதைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று றோசா என் குளிர்ச்சட்டையைத் துவைக்க எடுத்து, பைக்குள் இருந்த கடிதத்தைக் கண்டாள். கிளினிக்கிலிருந்து வந்தது. சோறு போட்டு வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"மே பதினாலாம் தேதி எண்டு கிடக்கு. உங்கட இரத்தத்தில ஈயம் கூடவாம். உருக்கிற இடத்தில காத்தோட்டம் வேணுமாம். சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடவேண்டாமாம்."

"ஓம்" என்றேன்.

"அதுக்குப் பிறகுதான் விசிறி பூட்டினனீங்கள்."

"ஓம்."

"அதுக்குப் பிறகுதான் சர்மிளாவுக்குப் போன் எடுத்து, பேரனை இஞ்ச கொண்டுவர வேண்டாம், நாங்கள் லவாலுக்கு வாறம் எண்டு சொன்னனீங்கள். நான் நினைச்சன் மருமகனோட ஏதோ கோவமாக்கும் எண்டு." அவள் கடிதத்தை மடித்தாள். "அந்த மணற்பெட்டி எங்கட பேரனுக்குச் செய்தது."

"ஓம். வீணாய்க் கிடக்குமெண்டுதான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தனான்."

நான் சொன்னது உண்மை. புது மணல், நல்ல பலகை. றோசா கோட்டைப் போட்டுக்கொண்டு மெற்றோ ரயில் எடுத்து மகள் சர்மிளாவிடம் போய்விட்டாள். உங்களுக்கு அவள் அழைத்துச் சொன்னாளா என்று நான் கேட்கப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் ஆட்கள் வந்து வேலியோர மண்ணையும் பெட்டி மணலையும் பைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அதை நானாக வந்தது என்று எழுதலாமா என்று உங்கள் பிரிவில் விசாரித்துச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். மே பதினான்காம் தேதியிலிருந்து எனக்குத் தெரியும். புகை எங்கே போகிறது, கசடு எங்கே கிடக்கிறது, அந்த இடத்தில் குழந்தையொன்று இருந்தால் என்ன ஆகும், எல்லாம் தெரியும். எந்தக் குழந்தை இருக்கக்கூடாது என்பதை நான் தெரிவுசெய்தேன். எந்தக் குழந்தை இருக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்து முடிவாகிவிட்டது. ஆதிரா இனிப் பழையபடி கதைப்பாளா என்று வைத்தியர்களாலும் சொல்லமுடியவில்லை என்கிறீர்கள். அதைக் கேட்க எனக்கும் கவலைதான்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என்னை முழுதாக விளங்கிக்கொள்ள உதவும். தாதி இரண்டாம் முறை வருவதற்கு முந்திய ஞாயிறு, கோபிகா பின்படியில் தனியே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"நான்தானே அங்கிள்? என் கையாலதான வச்சேன்? தினமும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நானேதான வச்சேன்?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

"அழாத பிள்ளை. தெரியாமச் செய்யிறதைக் கடவுள் பாவமாய் எடுக்கமாட்டார்" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் அன்று மாலைப் பூசைக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஒன்று கொளுத்தினேன். என்னைப் பற்றி வேறு எதை எழுதினாலும் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெண்ணை மன்னித்துவிடும்படி, முழங்காலில் நின்று, முழு மனதோடு மன்றாடினேன்.