அடி சீவின ரொட்டி

நுன்சியாத்தா: இன்னும் கொஞ்சம் சீவு. அந்த ஓரத்துல தெரியுது பாரு.

எவரிஸ்தோ: போதும் அண்ணி. இதுக்கு மேல சீவினா பங்குச்சாமிக்கு மேல்தோல்தான் மிஞ்சும்.

நுன்சியாத்தா: மிஞ்சட்டும். நீ கொத்தனாரு, கோயில் சுவரு எழும்பினதோட உன் வேலை முடிஞ்சுது. எனக்கு இந்த அடுப்பு போச்சுன்னா… ஊருக்கே ரொட்டி கிடையாது.

எவரிஸ்தோ: அதான் ஊரே வாய மூடிக்கிட்டு இருக்கே. இன்னைக்கு யாரு ரொட்டியிலெல்லாம் சிலுவை விழுந்துச்சு?

நுன்சியாத்தா: யாருக்குத் தெரியும். அடுப்புக் கல்லுல அஞ்சு சிலுவை செதுக்கியிருக்கு. அது மேல உக்காந்த மாவு எதுவோ, அதுக்கு அதிர்ஷ்டம்.

எவரிஸ்தோ: முதல் ரொட்டி எடுத்த அன்னைக்கு… அதுக்கு முன்னாடிதான் சண்டையில குண்டு விழுந்து கோயிலே தரைமட்டம். பூசை வைக்கிற பீடக்கல்லு ஒண்ணுதான் உடையாம கிடக்குன்னு தூக்கிட்டு வந்து உங்க அடுப்புக்குத் தரையா பதிச்சேன். நீங்க ரொட்டிய திருப்புனீங்க…

நுன்சியாத்தா: அடில சிலுவை. மாவு குழில இறங்கி, புடைச்சுக்கிட்டு நிக்குது. அவ்ளோ பசியிலயும் ஒருத்தரும் கை நீட்டல, எவரிஸ்தோ.

எவரிஸ்தோ: அண்ணி. சாமி வர்றாரு.

நுன்சியாத்தா: கத்திய மறை. சீவினத வாயில போட்டுக்க. எல்லாத்தையும்.

பங்குச்சாமி: என்ன எவரிஸ்தோ, வாய் நிறைய?

எவரிஸ்தோ: ம்ம்…

நுன்சியாத்தா: ருசி பாக்குறான் சாமி. இந்தாங்க உங்க ரொட்டி.

பங்குச்சாமி: இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை பிஷப் வர்றாரு, கோயில மந்திரிச்சுத் திறக்க. எனக்கு இன்னும் நம்ப முடியல. நான் இந்த ஊருக்கு வந்தப்ப அங்க வெறும் முள்ளு. இடிஞ்ச கல்லெல்லாம் எங்கன்னு கேட்டேன். யாரும் வாயத் திறக்கல. ஒருநாள் காலைல பாத்தா, வாசப்படி வந்து கிடக்கு.

எவரிஸ்தோ: அது தானா நடந்து வந்திருக்கும் சாமி.

பங்குச்சாமி: தீர்த்தத் தொட்டியும் நடந்துதான் வந்துச்சா? உள்ள கோழி இறகு இருந்துச்சு.

நுன்சியாத்தா: கோழிக்கும் தாகம் எடுக்கும்ல.

பங்குச்சாமி: பன்னிக் கொட்டகையிலேர்ந்து கதவு. வீட்டுச் சுவத்துலேர்ந்து பேத்த கல்லு. அந்தக் குளிருல, வீட்டு ஓட்டைய சாக்கு வச்சு அடைச்சுக்கிட்டு, கல்லக் கொண்டாந்து போட்டிருக்காங்க. நான் எவ்வளவோ படிச்சிருக்கேன்மா… இப்படி ஒண்ண எங்கயும் படிச்சதில்ல.

எவரிஸ்தோ: சாமி, அழுவுறீங்களா?

பங்குச்சாமி: சுண்ணாம்புத் தூசி. …பீடக்கல்லு மட்டும்தான் வரல.

நுன்சியாத்தா: அது உடைஞ்சிருக்கும் சாமி.

பங்குச்சாமி: எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. வார்த்தை மாறாம.

எவரிஸ்தோ: சும்மா பேச்சுக்கு கேக்குறேன்… எங்கயாவது நெருப்புல வெந்து கிடந்தா?

நுன்சியாத்தா: எவரிஸ்தோ…

எவரிஸ்தோ: பேச்சுக்குதான் அண்ணி. வெந்த கல்லப் பேத்தா தூளாயிரும் சாமி, அதுக்குச் சொன்னேன்.

பங்குச்சாமி: எங்க கிடந்தாலும் எடுத்துட்டு வாங்கன்னுதான் பிஷப் சொல்வாரு. அதுல அவரு விட்டே குடுக்க மாட்டாரு.

நுன்சியாத்தா: எதை இடிச்சாவதா?

பங்குச்சாமி: எதை இடிச்சாவது. …ஏம்மா அடுப்ப மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

நுன்சியாத்தா: உங்க மேல சூடு அடிக்கும் சாமி.

பங்குச்சாமி: ம். நேத்து அவருக்கு எழுதிட்டேன், பழைய கல்லு உடைஞ்சுபோச்சு, புதுசு வைக்கிறோம்னு.

எவரிஸ்தோ: நீங்களே பாத்த மாதிரியா எழுதுனீங்க?

பங்குச்சாமி: ஊரு சொன்னத, வார்த்தை மாறாம. …இந்த ஊர்ல யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு ரொட்டிய துண்டு போட்டுத்தான் வைக்கிறாங்க. போன வாரம் படுக்கையில கிடக்குற பஸ்குவாலேய பாக்கப் போனேன். நான் வந்தத மனுஷன் கவனிக்கல. முழு ரொட்டிய எடுத்தாரு, திருப்பினாரு, அடில முத்தம் வச்சாரு.

நுன்சியாத்தா: வயசாயிருச்சு சாமி, அவருக்கு…

பங்குச்சாமி: அதை வாங்கி நானும் முத்தம் வச்சேன்மா. ஞாயித்துக்கிழமை பிஷப்புக்கு வைக்கிற ரொட்டிய நல்லா அடி சீவிருங்க. எனக்கு இனிமே சீவ வேணாம்.